பிடிமண்ணோடு வந்த தெய்வங்கள்

(தோட்டக் கோயில் ஒன்றில், ஆண்டுத் திருவிழாவின் காப்புக் கட்டு நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று மாலை அம்மனுக்குக் காப்புக் கட்டப்போகிறீர்கள். வேப்பிலைத் தோரணம் கட்டியாயிற்று. கரகத்துக்குக் குடம் விளக்கி வைத்தாயிற்று. ஆயினும், திருவிழாத் தொடங்கும் நாளுக்குரிய கலகலப்பு இம்மண்டபத்தில் இவ்வாண்டு சற்றுக் குறைந்திருப்பதைக் காண்கிறோம். காரணம் எல்லார்க்கும் தெரிந்ததே. தோட்டம் கைமாறவிருக்கிறது. பால்மரங்கள் நிற்கும் இடத்தில் நாளை வீடுகளும் கடைகளும் எழும் என்கிறார்கள். கோயிலுக்குப் பட்டணத்தின் ஓரத்தில் ஒரு சிறு நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கை உங்களுக்கு இருக்கிறது. நிலம் சிறிது என்பதால், எந்தெந்தத் தெய்வங்களை அங்கே கொண்டுசெல்வது என்பதில் உங்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை எழுந்திருப்பதையும் அறிவோம்.

இந்நிலையில் நம்மை அழைத்த குழுவினர், "நம் சமயத்தின் முக்கியத் தெய்வங்கள்" என்னும் தலைப்பைக் கொடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொண்டனர். நல்ல தலைப்புத்தான். ஆனால் அந்தத் தலைப்புக்குள்ளேயே உங்கள் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. முக்கியத் தெய்வம் எது? முக்கியமல்லாத தெய்வம் என்று ஒன்று உண்டா? இவற்றுக்கு விடை காணாமல் பெயர்களை மட்டும் அடுக்கிவிட்டுப் போவது உங்களுக்குப் பயன்தராது.

நாம் முன்னர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியபோது நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறோம். ஒரு நாள் வகுப்பில், "நீங்கள் வணங்கும் தெய்வங்களின் பெயர்களை எழுதுங்கள்" என்றோம். பிள்ளைகள் பிரமன், திருமால், சிவன் என்று அழகாக எழுதினர். இலக்குமி, சரசுவதி பெயர்களும் வந்தன. பிரமனுக்கு அத்தோட்டத்தில் கோயில் இல்லை. அண்டை அயலில் எங்குமே இல்லை. ஆனால் பள்ளிக்கு வரும் வழியில், செம்மண் பாதை திரும்பும் இடத்தில், ஒரு மரத்தடியில் சூலமும் சிவப்புத் துணியும் எலுமிச்சம்பழ மாலையுமாக ஒரு தெய்வம் இருந்தது. நாள்தோறும் அதைக் கடந்தே எல்லாப் பிள்ளைகளும் வந்தனர். கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வதையும் பார்த்திருக்கிறோம். அதன் பெயரை ஒரு பிள்ளைகூட எழுதவில்லை. கேட்டபோது ஒரு மாணவன் தயங்கித் தயங்கி, "சார், அது புத்தகத்துல இல்ல" என்றான். பிழை அவனுடையது அன்று. அந்தத் தெய்வத்தைப் பற்றி நாமும் அதுவரை ஒரு பாடமும் நடத்தியதில்லை.

நிலத்துக்கு ஒரு தெய்வம் என்பது தமிழரின் மிகப் பழைய எண்ணம். தொல்காப்பியம் முல்லைக்கு மாயோனையும், குறிஞ்சிக்குச் சேயோனையும், மருதத்துக்கு வேந்தனையும், நெய்தலுக்கு வருணனையும் உரிமையாக்கிச் சொல்கிறது. மலையில் வாழ்வோனுக்கு வேண்டியது வேறு. கடலில் வலை வீசுவோனுக்கு வேண்டியது வேறு. அவரவர் வாழ்வின் அச்சமும் தேவையும் அவரவர் தெய்வத்தின் கையில் ஆயுதமாகவும் அருளாகவும் அமைந்தன. நம் முன்னோர் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, மதுரை மாவட்டங்களிலிருந்து கப்பலேறி இங்கு வந்தபோது, முல்லையும் மருதமும் அல்லாத ஒரு புது நிலத்தைக் கண்டனர். முதலில் அது காடு. பிறகு காட்டை அழித்து நட்ட ரப்பர். அந்த நிலத்துக்குத் தெய்வம் எது என்று எந்த நூலும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களே தேர்ந்துகொண்டார்கள். அந்தத் தேர்வே இன்று இத்தோட்டத்துக் கோயிலில் நீங்கள் காணும் தெய்வ வரிசை.

பிள்ளையாரைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. அவர் எங்கும் முன்னிற்பவர். கையளவு மஞ்சளைப் பிடித்து, மேலே ஓர் அறுகம்புல்லைச் செருகினால் வந்து அமர்ந்துவிடுவார். ஏழைக்கு இவ்வளவு எளிய தெய்வம் வேறில்லை. மலாக்காவில் 1781ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இந்நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் ஒன்று. ரப்பர்த் தோட்டங்கள் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே அவர் இங்கு வந்து நமக்காகக் காத்திருந்தார் என்று கொள்ளலாம்.

அம்மனிடம் வருவோம். தோட்டக் கோயில்களின் கருவறையில் மிகுதியாக வீற்றிருப்பவள் மாரியம்மனே. மாரி என்றால் மழை. வானம் பார்த்த பூமியில் உழுதவர்கள் மழையையே தாயாக வணங்கியது இயல்பு. ஆனால் பால்மரக் காட்டுக்கு வந்தபின் மழையின் பொருளே மாறிவிட்டது. விடியலில் மழை பெய்தால் பட்டை நனையும். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. பெரட்டுக் களத்தில் நின்று வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட அனுபவம் உங்களுள் பலர்க்கும் இருக்கும். மழைத் தாயிடமே "காலையில் மட்டும் வேண்டாம், தாயே" என்று வேண்டிக்கொண்ட மக்கள் நாம்! அப்படியிருந்தும் அவளை விட்டுவிடவில்லை. ஏனெனில் அவள் மழைக்கு மட்டும் உரியவள் அல்லள், நோய்க்கும் உரியவள்.

அம்மை நோய் பரவிய காலங்களில் வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வீட்டுக்குள் அயலார் நுழையமாட்டார்கள். அவ்வீட்டார் பிறர் வீட்டுக்குப் போகமாட்டார்கள். நோயாளியைத் தனியறையில் வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி, குளிர்ந்த உணவு கொடுத்து, முத்து இறங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். நோயாளியைத் தனிமைப்படுத்துவது தொற்றைத் தடுக்கும் என்று இன்று மருத்துவம் சொல்வதை, தாயின் ஆணை என்ற பெயரில் நம் பாட்டிமார் செய்துவந்தனர். பெரியம்மை உலகில் அடியோடு ஒழிந்துவிட்டதென 1980ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. சின்னம்மை இன்னும் இருக்கிறது. அது கண்டால் வேப்பிலையும் செருகுங்கள், மருந்தகத்துக்கும் செல்லுங்கள். மருத்துவரிடம் போனால் ஆத்தாள் கோபிப்பாள் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளை பிழைப்பதில் தாய்க்கு என்ன கோபம்?

நம் முன்னோரை அம்மையைவிட மிகுதியாக வாட்டியது காட்டுக் காய்ச்சல். காடு திறந்த தொடக்க ஆண்டுகளில் மலேரியாவால் மாண்டவர் பலர். 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் மருத்துவ அதிகாரியாகப் பொறுப்பேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களுக்கு வடிகால் வெட்டிக் கொசுவை ஒழிக்கும் பணியைத் தொடங்கினார். அந்த அறிவு எல்லாத் தோட்டங்களுக்கும் வந்து சேருமுன், லயத்தில் ஒருவர் பின் ஒருவராகக் குளிரில் நடுங்கிப் படுத்தபோது, அந்த மக்களுக்கு அழைத்துக் கதற ஒரு பெயர் வேண்டியிருந்தது. அந்தப் பெயர் மாரி.

திருச்சிக்கு அருகிலுள்ள சமயபுரத்து மாரியம்மனைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். பொதுவாகத் தெய்வத்துக்காகப் பக்தர்கள் விரதம் இருப்பார்கள். சமயபுரத்திலோ, மக்களின் நலத்துக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கிப் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் பச்சைப் பட்டினி விரதம். அந்நாள்களில் சமைத்த நைவேத்தியம் இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதாம். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் தண்ணீரைக் குடித்துப் படுத்த தாய்மார்களை நம் லயங்கள் நன்கறியும். அந்தத் தாய்மார்கள் இந்த அம்மனைத் தங்களுள் ஒருத்தியாகக் கருதியதில் வியப்பென்ன? தஞ்சையை அடுத்த புன்னைநல்லூரிலோ அம்மனின் மூலத்திருமேனி புற்று மண்ணால் ஆனது. அதனால் அதற்கு நீர் அபிடேகம் இல்லை, தைலக்காப்பே உண்டு. கல்லும் செம்பும் இல்லாத இடத்தில் மண்ணே தாயாகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்து முருகன். இவர் இந்நாட்டுத் தமிழரின் பெருமித அடையாளம். பத்துமலைக் குகையில் தம்புசாமிப் பிள்ளை 1891ஆம் ஆண்டில் முருகனுக்கு வழிபாடு நிறுவினார். அடுத்த ஆண்டு முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. 272 படிகளையும், 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயரச் சிலையையும் நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அவற்றை விரிக்க வேண்டா. ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். தைப்பூசத்து வெள்ளித் தேர் புறப்படுவது கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து. அன்னையின் வாசலிலிருந்து மகன் மலைக்குப் போகிறான். இரு தெய்வங்களுக்கும் இடையே உயர்வு தாழ்வு பார்க்க அந்த ஊர்வலத்தில் எவர்க்கும் தோன்றுவதில்லை.

பகாங்கிலுள்ள மாறான் மரத்தாண்டவரை நினைக்கும்போதெல்லாம் நம் நெஞ்சம் நெகிழும். சாலை போடுவதற்காக வெட்டப்போன மரத்திலிருந்து குருதி கசிந்ததாகவும், அதைக் கண்ட தொழிலாளர் அம்மரத்தை முருகனாகவே வணங்கத் தொடங்கியதாகவும் செவிவழிக் கதை வழங்குகிறது. பங்குனி உத்திரத்தன்று அங்குக் கூடும் கூட்டம் பெரிது. கத்தி பட்டால் மரம் வெள்ளைப் பாலைச் சிந்துவதை விடியல்தோறும் பார்த்த மக்களுக்கு அந்தக் கதை எவ்வாறு மனத்தில் தைத்திருக்கும் என்பதை நாம் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

பெருமாள், இராமர் வழிபாடும் தோட்டங்களில் உண்டு. கீழ்ப்பேராக்குத் தென்னந்தோட்டங்களில் குடியேறிய தெலுங்கு மக்கள் இராமர் பஜனையைப் போற்றி வளர்த்தனர். சிவராத்திரியும் புரட்டாசிச் சனிக்கிழமையும் நாம் தவறவிடாதவை. இவை குறித்து நூல்கள் பல உள்ளன. ஆலயங்களில் அறிந்தோரும் உளர். ஆதலால் இவற்றைக் கடந்து, எவரும் பேச அழைக்காத தெய்வங்களிடம் செல்வோம்.

முனியாண்டி, மதுரை வீரன், கருப்பர், சங்கிலிக் கருப்பர், ஐயனார். இவர்கள் காவல் தெய்வங்கள். கருவறைக்குள் இருக்கமாட்டார்கள், எல்லையில் நிற்பார்கள். தோட்டத்தில் எல்லை என்பது வெறும் கோடன்று. இப்பக்கம் ரப்பர், அப்பக்கம் காடு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனியாக நிரைக்குப் போன பெண்ணுக்குப் பாம்பும் உண்டு, காட்டு விலங்கும் உண்டு, மனிதரால் வரும் தீங்கும் உண்டு. அந்த இருட்டில் அவளுக்குத் துணையாக நின்றவர், எல்லையில் அரிவாளோடும் பெரிய மீசையோடும் விழித்திருந்த முனியாண்டிதான். உண்மையான ஆள் காவல் இல்லாத இடத்தில் அவர் காவல் இருந்தது.

மதுரை வீரன் கதையை உங்களுள் மூத்தோர் அறிவீர்கள். 1956ஆம் ஆண்டில் வந்த எம்.ஜி.ஆர். படத்தைத் தோட்டத்துத் திடலில் தரையில் அமர்ந்து பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். இளைஞர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறோம். அரண்மனையில் பிறந்தும் காட்டில் விடப்பட்ட குழந்தை. செருப்புத் தைக்கும் எளிய குடும்பம் எடுத்து வளர்த்தது. வளர்ந்தபின் பொம்மியை மணந்தான். திருமலை நாயக்கர் ஆண்ட மதுரையில் கள்வரை அடக்கினான். வெள்ளையம்மாள் காரணமாகப் பழி சுமத்தப்பட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டான். கைகால் இழந்து இறந்தவனை மக்கள் தெய்வமாக்கினார்கள். போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டு வணங்கிய மரபுதான் அது. தொல்காப்பியம் கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதற்கு ஆறு படிகள் சொல்கிறது. அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட ஒருவன் தெய்வமாக நிற்பது, மேலாளின் ஒரு சொல்லுக்கு வேலையும் வீடும் இழக்கக்கூடிய நிலையில் வாழ்ந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

இத்தகைய தெய்வங்களைப் "பெரிய கோயிலில் வைக்கத் தகாதவை" என்று சிலர் கூறுகின்றனர். உங்கள் குழுவிலும் அந்தக் கருத்து எழுந்ததாகக் கேள்விப்பட்டோம். அவர்களுக்கு நாம் மரியாதையோடு இரண்டைச் சொல்வோம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்தருகே மதுரை வீரனுக்குச் சந்நிதி இருக்கிறது. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பர், சந்தனம் பூசி மூடிய கதவாக நின்று காவல் புரிகிறார். உருவம்கூட வெளியே இல்லை. மீனாட்சிக்கும் கள்ளழகருக்கும் வராத குறை, நம் சிறு கோயிலுக்கு வந்துவிடுமா? உள்ளே வேண்டாம், வாசலில் நிற்கட்டும். அவர்கள் கேட்டதும் வாசல்தானே!

படையல் பற்றிய கேள்வி வேறு. சேவலும் சாராயமும் சுருட்டும் காவல் தெய்வங்களுக்குரியனவாக வழங்கி வந்தன. இன்று பல இடங்களில் பலிக்கு ஈடாகப் பூசணிக்காயோ எலுமிச்சம்பழமோ குங்குமம் தடவி அறுக்கிறார்கள். அதனால் எந்த முனியாண்டியும் காவலைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. சாராயத்தைப் பொறுத்தவரை, சாமி பெயரில் ஒரு புட்டி சம்சு வாங்கினால் சாமிக்குத் தெளித்தது ஒரு மூடி, மற்றது எங்கே போயிற்று என்பது வீட்டிலுள்ள தாய்மார்களுக்குத் தெரியும். படையல் முறை காலத்துக்கேற்ப மாறலாம். தெய்வத்தின் பெயரையும் கதையையும் மாற்றவேண்டிய தேவை இல்லை.

இனி நாம் நேரில் கண்ட ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டம் இதுபோலவே கைமாறியது. அம்மனுக்கு நல்ல முறையில் புதுக்கோயில் கட்டினார்கள். குறை சொல்ல இடமில்லை. எல்லையில், ஒரு பழைய மரத்தடியில் மூன்று கற்கள் இருந்தன. மஞ்சள் பூசி, பொட்டு வைத்த கற்கள். அவற்றையும் எடுத்துச் செல்லலாம் என்று முடிவாயிற்று. ஆனால் பூசாரி, "யாரென்று சொல்லி அழைப்பது?" என்று கேட்டார். முதற்கல் முனியாண்டி என்றார்கள். இரண்டாவது மதுரை வீரன் என்றார்கள். மூன்றாவது கல்லின் பெயர் அங்கு நின்ற எவர்க்கும் தெரியவில்லை. அதற்குப் பூசை செய்துவந்த கிழவர் முந்திய ஆண்டே காலமாகியிருந்தார். நெடுங்காலம் கற்பூரம் ஏற்றிய கல். பிள்ளைகளுக்கு முடியிறக்கிய இடம். பெயரில்லாமல் அழைக்கத் தெரியாமல் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். நாமும் அவர்களோடு நடந்து திரும்பினோம். வழியில் ஒருவரும் பேசவில்லை. மறுவாரம் மண்வாரி இயந்திரம் வந்தது.

இடம் மாறுவது தெய்வத்துக்கு இழுக்கன்று. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயில் 1873ஆம் ஆண்டில் இரயில் நிலையத்தருகே தொடங்கியது. 1885இல் இன்றைய இடத்துக்குப் பெயர்ந்தது. அத்தாப்புக் கூரையாக இருந்து, செங்கல் கட்டடமாகி, இன்று நாம் காணும் கட்டடம் 1968இலும் கோபுரம் 1972இலும் நிறைவு பெற்றன. சிங்கப்பூரில் 1932ஆம் ஆண்டு இரயில்வேத் தொழிலாளர் ஒரு சிறு முனீசுவரன் சந்நிதி அமைத்தனர். அந்தக் கோயில் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய ஆலயமாக நிற்கிறது. 1998இல் அங்குக் குடமுழுக்கு நடைபெற்றது. கவனியுங்கள்: அவர் பெயர் இன்றும் முனீசுவரன்தான். கோயில் பெரிதாயிற்று என்பதற்காக அவருக்குப் புதுப்பெயர் சூட்டவில்லை.

இடம் மாற்றுவதற்கு மரபு வழி காட்டுகிறது. ஆகம முறைக் கோயிலாயின், திருமேனியிலுள்ள ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயத்தில் வைத்துப் பூசித்து, புதிய இடத்தில் குடமுழுக்குச் செய்வார்கள். காவல் தெய்வமாயின் அதைவிட எளிது. பழைய இடத்தில் பூசை செய்து, உத்தரவு கேட்டு, ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப்போய்ப் புதிய இடத்தில் பீடத்தின் அடியில் இட்டுக் கல்லை நடுவார்கள். இதுவே பிடிமண். தங்கள் குலதெய்வத்தின் பிடிமண்ணைத் தாத்தாவோ பாட்டியோ கப்பலில் மடியில் முடிந்து கொண்டுவந்ததாகப் பல தோட்டங்களில் கேட்டிருக்கிறோம். கங்காணி வழி ஆளெடுப்பு 1938ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அந்தத் தலைமுறையில் எஞ்சியோர் அரியர். அவர்கள் கடல் கடந்து செய்ததை, நாம் பத்துக் கல் தொலைவுக்குச் செய்ய முடியாதா?

நம் அலுவலக வழக்கப்படி இரண்டொரு நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறோம். ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு, ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் பின்பற்றவும், ஒவ்வொரு சமயக் குழுவும் சட்டப்படி சொத்து வைத்திருக்கவும் உரிமை தருகிறது. ஆனால் நில உரிமை வேறு செய்தி. தேசிய நிலச் சட்டத்தின்படி, எத்தனை ஆண்டு ஓரிடத்தில் கோயில் இருந்தாலும், அந்த ஆண்டுக் கணக்கு மட்டும் நிலத்தை நமக்கு உரிமையாக்காது. "பாட்டன் காலத்துக் கோயில்" என்று சொன்னால் போதும் என்ற எண்ணத்தால் ஏமாந்தவர் பலர். ஆகவே உங்கள் கோயில் சங்கங்கள் சட்டம் 1966இன்கீழ் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிருவாகம் நிலம் தருவதாக வாயால் சொன்னதைக் கடிதமாகக் கேளுங்கள். நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்குட்பட்டது. ஆதலால் மாவட்ட நில அலுவலகத்தில் உரிமைப் பத்திரம் பற்றிய வேலையை மரம் சாயுமுன் தொடங்குங்கள்.

மற்றொரு பத்திரமும் வேண்டும். அதை எந்த அலுவலகமும் தராது. நேற்று மாலை நாம் எல்லைக்கோயிலைப் பார்க்கப் போனபோது, அங்கு ஒரு மூதாட்டி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். நாற்பதாண்டு பால்வெட்டியவராம். நம்மைப் பார்த்து, "ஐயா, ஆத்தா போற எடத்துக்கு இவரும் வருவாருல்ல?" என்று கேட்டார். "பாட்டி, இவர் யார்?" என்று கேட்டோம். பெயர் சொன்னார், எந்த ஊரிலிருந்து யார் கொண்டுவந்தார், முதல் பொங்கல் எந்தத் துரை காலத்தில் வைத்தார்கள், எந்த ஆண்டு வெள்ளத்தில் சூலம் சாய்ந்தது, யார் நிமிர்த்தினார் என்று அரை மணி நேரம் சொன்னார். பொழுது இருட்டிவிட்டது. அவர் சொன்னதில் பாதியைத்தான் நம்மால் குறித்துக்கொள்ள முடிந்தது.

குழுத் தலைவரிடம் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறோம். முதற்பக்கத்தில் அந்த மூதாட்டி சொன்ன பாதியை எழுதி வைத்திருக்கிறோம். பத்து நாள் திருவிழாவில் பகலில் ஓய்வு உண்டு. தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நால்வர் முன்வந்திருக்கிறார்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவர்கள் பாட்டியின் வீட்டுக்குப் போகிறார்கள். எல்லைக்கோயிலில் பெரிய கல்லுக்கு இடப்புறம் ஒரு சிறு கல்லும் இருக்கிறது. அதைப் பற்றி நேற்றுக் கேட்க மறந்துவிட்டோம். அதையும் கேட்கச் சொல்லியிருக்கிறோம்.

பூசாரி காப்புக் கயிற்றோடு நிற்பது தெரிகிறது.